சுங்கை சிப்புட்டில் அப்பாவுக்குக் கல்லறைக் கல் வைத்தோம்

அப்பாவின் கல்லறைக்குக் கல் வைத்து இரண்டு மாதம் ஆகிறது. நம் ஆட்கள் யாராவது தேடிக்கொண்டிருந்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன்: மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பசாருக்குப் பின்னால் இருக்கும் சீனர் கல் கடைக்குத் தைரியமாகப் போகலாம்.

அடக்கத்தில் எங்களுக்கு ஒரு சிரமமும் இல்லை. அப்பா வீட்டிலேயே இறந்ததால் போலீஸ் நிலையத்தில் அடக்க பர்மிட் எடுத்தோம். எங்கள் கத்தோலிக்கக் கோயில் அலுவலகத்துக்குச் சொன்னதும் கல்லறைக் குழு அண்ணன் ஒருவர் வந்து குழி வெட்டும் ஆள், பூசை நேரம், ஜெபத்துக்கு மரியாயின் சேனை என்ற ஜெபக் குழு என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். தம்பி தகனம் செய்யலாமா என்று கேட்டபோதும் அவர் முகம் சுளிக்கவில்லை. 1963-லிருந்தே திருச்சபை அதை அனுமதிக்கிறது, ஆனால் சாம்பலைக் கடலில் கரைக்கக் கூடாது, கல்லறை போன்ற புனிதமான இடத்தில்தான் வைக்க வேண்டும் என்று 2016-இல் ரோமிலிருந்து வந்த அறிவுறுத்தல் வரைக்கும் பொறுமையாகச் சொன்னார். அம்மா, "தாத்தா பாட்டி பக்கத்திலேயே இருக்கட்டும்" என்றார். அதோடு சரி.

அலைந்தது கல்லுக்குத்தான். முதலில் வேறு ஊரில் ஒரு கடை. அவர்கள் கொடுத்த மாதிரித் தாளில் 'மறைவு' என்பதில் ஐகாரக் கொம்பு றகரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றது, 'தோற்றம்' உடைந்து கிடந்தது. திருத்தச் சொன்னால், யார் இதையெல்லாம் பார்க்கப் போகிறார்கள் என்றார்கள். எங்கள் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், 2019-இல் தமிழ் நேசன் நாளிதழ் நிற்கும் வரை ஒரு நாள் விடாமல் வாங்கி, எழுத்துப்பிழை கண்டால் பேனாவால் வட்டம் போட்டு வைப்பவர். அவர் தலைமாட்டில் உடைந்த தமிழா? கட்டிய 300 வெள்ளி (ரிங்கிட்) முன்பணம் போனாலும் போகட்டும் என்று வந்துவிட்டோம்.

சுங்கை சிப்புட் கடைத் தவுக்கே (முதலாளி) முதல் நாளே, தனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, எழுத்தை நீங்களே பிடிஎஃப்பாகக் கொண்டு வாருங்கள் என்று மலாயில் சொல்லிவிட்டார். அப்புறம் கல்லின் முழு அளவுக்கு அச்செடுத்து, கறுப்பு கிரானைட் மேல் ஒட்டி, அம்மா கையில் ஒரு பென்சிலைக் கொடுத்தார். அம்மா ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்து 'இளைப்பாறுவதாக' என்ற இடத்தில் நின்றார். நான் 'இழைப்பாறுவதாக' என்று டைப் செய்திருந்தேன். தவுக்கே அதைத் திருத்தி மறுபடி அச்செடுத்துக் காட்டி, அம்மா தலையாட்டிய பிறகே ரப்பர் தாளில் எழுத்தை வெட்டி, மணலை வேகமாகப் பீய்ச்சிச் செதுக்கி, தங்க வண்ணம் பூசினார்.

அவசரப்படுத்தினால் கேட்க மாட்டார். மழையில் மண் இறங்காமல் கல் வைத்தால் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்று ஒரு வருடம் காக்க வைத்தார், அதுவரைக்கும் மரச் சிலுவைதான். கான்கிரீட் அடித்தளம், லோரி எல்லாம் சேர்த்து 4,800 வெள்ளி ஆனது. சொன்ன தேதியிலிருந்து மூன்று வாரம் தள்ளிப்போனது, கேட்டால்தான் காரணம் சொல்கிறார், அது ஒரு குறை. பூ ஜாடியில் தண்ணீர் தேங்கி ஏடிஸ் கொசு வருமே என்று போன் செய்தேன், மறுநாளே ஆள் அனுப்பி அடியில் துளை போட்டுக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

கல்லின் உயரத்துக்கும் அகலத்துக்கும் எங்கள் கோயிலில் அளவு உண்டு, ஆகவே வரைபடத்தில் அலுவலகக் கையெழுத்து வாங்கிய பிறகு பணம் கட்டுங்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குள் கல் வேண்டுமென்றால் ஜூலையிலேயே சொல்லிவிடுங்கள், செப்டம்பரில் வந்த ஒரு குடும்பத்தை அவர் டிசம்பருக்கு வரச் சொல்லி அனுப்பியதை நானே பார்த்தேன்.