கண்ணாடியும் தந்தார்கள், பாதுகாவலர் கையொப்பமும் கேட்டார்கள்

விசுவமடுவில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தா. புருஷன் தென்னையால் விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லை, ஆசுபத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டிட்டினம். "அக்கா, நீங்கள் இருக்கிற நிறுவனத்தில இவரைப் பதியலாமோ? நல்லாப் பாப்பினமோ?" மாற்றுவலுவுள்ளோருக்கு உதவுகிற அந்த நிறுவனத்தின் பெயர் போடாமல் இங்கேயே பதில் எழுதுகிறேன். இதே கேள்வி வன்னியில் இன்னும் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது.

2009இல், போரின் கடைசி மாதங்களில், மாத்தளனில் செல் (எறிகணை) துண்டு என் முள்ளந்தண்டில் பட்டது. மீள்குடியேறிப் புதுக்குடியிருப்புப் பக்கம் வந்த பிறகு இந்த நிறுவனத்தில் சேர்ந்தேன். சில்லுக் கதிரை, மலசலகூடத் திருத்தம், வாழ்வாதாரக் கடன் என்று அவர்கள் தருவதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விரித்து எழுதவில்லை.

எழுத வேண்டியது கைப்பிடி வைத்த ஒரு சின்னக் கண்ணாடியைப் பற்றி.

ஆசுபத்திரியில் படுக்கைப்புண் பற்றி எல்லாம் விளக்கமாகத்தான் சொன்னார்கள், ஆனால் அம்மாவுக்குச் சொன்னார்கள். "இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காத் திருப்பிப் படுக்க வையுங்கோ, பின்பக்கத் தோல் சிவக்குதோ எண்டு பாருங்கோ." நான் பக்கத்துக் கட்டிலில் முழிப்போடு கிடந்தேன். அதன் பிறகு என் முதுகும் இடுப்பும் அம்மாவின் கண்ணுக்குத்தான் தெரியும். அவ இரவில் எழும்பிச் சிமினி விளக்கோடு பார்ப்பா. எனக்கு வெட்கமாகவும் இருக்கும், அவவை நினைக்கப் பாவமாகவும் இருக்கும்.

நிறுவனத்தில் இருந்து வந்த பயிற்றுநரும் என்னைப் போல முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவ. பின்னுக்கு இரண்டு சில்லு பூட்டிய ஸ்கூட்டரில் தனியாகவே வந்தா. அம்மாவுக்கு வணக்கம் சொல்லிவிட்டு என்னோடுதான் கதைத்தா. கதிரையில் இருக்கும்போது அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா முன்னுக்குக் குனிந்து நெஞ்சை முழங்காலில் முட்ட வைத்துப் பாரத்தை எடுப்பது எப்படி, கட்டிலில் இருந்து கதிரைக்குப் பலகை வைத்து வழுக்கி மாறுவது எப்படி, சலம் எடுக்கிற குழாயை நானே போட்டுக் கழற்றுவது எப்படி என்று எல்லாவற்றையும் தன் உடம்பில் செய்து காட்டினா. போகும்போது அந்தக் கண்ணாடியைத் தந்தா. "காலமையும் பின்னேரமும் நீரே பாரும். சிவப்பு இருந்தால் அந்தப் பக்கம் இருக்காதேயும்."

அன்றைக்குத்தான் என் பின்பக்கத்தை நான் முதன்முதலாகப் பார்த்தேன். காயத்தின் தழும்பு நான் நினைத்ததைவிடச் சின்னது. அம்மா இப்போது இரவில் நித்திரை கொள்கிறா.

சாய்தளத்திலும் குறை சொல்ல இடமில்லை. வீட்டுத்திட்ட வீட்டின் வாசல் ஒன்றரை அடி உயரம். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்ற கணக்குக்குப் பதினெட்டு அடி நீளம் வேண்டும். மேசன் எட்டடியில் முடிக்கப் பார்த்தார். நிறுவனத்துக்காரர் நின்று வளைவு போட்டுப் பதினெட்டும் கட்டுவித்தார்கள். இந்தப் பக்கத்தில் எத்தனையோ கந்தோர்களில் சாய்தளம் என்ற பெயரில் சறுக்குமரம்தான் கட்டி வைத்திருக்கிறார்கள், பொதுக் கட்டடங்களில் மாற்றுவலுவுள்ளோர் ஏறி இறங்க வழி வேண்டும் என்று 2006இலேயே ஒழுங்குவிதிகள் வந்தும்கூட. கதிரையும் நல்லது. முன்னுக்கு நீண்டு ஒற்றைச் சில்லு உள்ள வகை, கிரவல் றோட்டில் புதையாது, பின் டயர் பிய்ந்தால் சந்தியில் உள்ள சைக்கிள் கடையிலேயே மாற்றலாம்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன்.

அவர்களின் படிவத்தில், எந்தப் படிவமாக இருந்தாலும், கடைசிப் பக்கத்தில் 'பாதுகாவலர் கையொப்பம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. பதிவுக்கும் அதுதான், புண் வராமல் கதிரையில் போடுகிற குஷனை மாற்றுவதற்கும் அதுதான். எனக்கு அப்பா இல்லை, அம்மாவுக்கு வயது போய்விட்டது. ஆகவே தம்பியிடம் வாங்கி வரச் சொல்கிறார்கள். அந்தத் தம்பியின் ரியூசன் காசு என் தையல் மெசினில் இருந்து போனது. அவனுக்கு முதல் சேட்டு தைத்ததும் நான்தான். அவன் கொழும்பில் வேலை. அவன் லீவில் வரும்வரை என் குஷன் காத்திருக்க வேண்டும். அவனுக்கே கூச்சம். "அக்கா, உனக்கு நான் என்னத்துக்குக் கையெழுத்து வைக்கிறது?" என்று கேட்கிறான்.

கடனுக்குப் பிணையாளர் கேட்டால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நடக்கிறவர்களிடமும் கேட்கிறார்கள்தானே. பிணையாளர் கடனுக்குப் பொறுப்பு. பாதுகாவலர் என்றால் எனக்கே பொறுப்பு. கேட்டபோது, உதவி தருகிற இடத்தில் கணக்குப் பார்க்க வருவோர் கேட்பார்கள், பொருள் கைமாறாமல் இருக்கத்தான் என்று அமைதியாக விளக்கினார்கள். முன்பு சில வீடுகளில் கதிரை விற்கப்பட்டதும் எனக்குத் தெரியும். அதற்கு வாங்கியவரின் அடையாள அட்டை இலக்கமும் கையொப்பமும் போதாதா?

1972இல் அமெரிக்காவின் பேர்க்லியில் எட் றொபேட்ஸும் கூட்டாளிகளும் மாற்றுவலுவுள்ளோர் தாங்களே நடத்துகிற முதலாவது சுயவாழ்வு நிலையத்தைத் தொடங்கினார்கள். போலியோ வந்து, இரவில் 'இரும்பு நுரையீரல்' என்ற மூச்சு இயந்திரத்துக்குள் கிடந்து மூச்சுவிட்ட மனிதர் எட் றொபேட்ஸ். தனக்கு என்ன வேண்டும் என்பதைத் தான் தீர்மானிப்பதுதான் அவர் கேட்ட சுதந்திரம். எல்லா வேலையையும் ஒருவரே செய்ய வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. மாற்றுவலுவுள்ளோரின் உரிமைகள் பற்றி இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்த ஐ.நா. சமவாயத்தின் 19ஆம் உறுப்புரை எங்கே, யாரோடு வாழ்வது என்று தெரிவு செய்யும் உரிமையைச் சொல்கிறது. 12ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் மற்றவர்களுக்குச் சமமான ஆள் நாங்கள் என்கிறது. இதையெல்லாம் எனக்குப் படிப்பித்ததே இந்த நிறுவனத்தின் கருத்தரங்குகள்தான். அதனால்தான் வேறு எந்தக் கந்தோரில் கேட்டாலும் வராத கோபம் இங்கே வருகிறது.

தங்கச்சி, உங்கட கேள்வியிலேயே எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. உங்கட புருஷன் என்ன சொல்லுறார்? அவருக்கு விருப்பமென்றால் கட்டாயம் பதியுங்கோ. தாமதிக்க வேண்டாம், படுக்கைப்புண் முத்தினால் ஆளையே கொல்லும். கதிரைக்கு முதல் குஷனைக் கேளுங்கோ. அந்தப் பயிற்றுநர் வரும்போது நீங்கள் சமையலுக்குப் போங்கோ, அவர் தனியக் கதைக்கட்டும்.

எனக்கு இவ்வளவு நல்லது செய்த இடம் வன்னியில் வேறில்லை. ஆனாலும் நல்ல நிறுவனம் என்று இன்றைக்கு என் வாயால் சொல்ல மாட்டேன். இந்த வருடப் புதுப்பித்தல் படிவத்தில் அந்தக் கட்டத்தைக் குறுக்கே வெட்டி, கீழே என் கையொப்பத்தை வைத்து அனுப்பினேன். 'பூரணமற்றது' என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அதையே ஒரு எழுத்தும் மாற்றாமல் திங்கட்கிழமை மறுபடி கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன்.