நான்கு வருஷம் ஒரே லைவ் சென்டர்: பேரிங் மாற்றிய கையோடு எழுதுவது

போன ஞாயிற்றுக்கிழமை என் லைவ் சென்டருக்குப் பேரிங் மாற்றினேன். மரம் கடைகிற லேத்தில் கட்டையின் மறுநுனியைத் தாங்கிக்கொண்டு, கட்டையோடு சேர்ந்தே சுற்றுகிற முனைதான் லைவ் சென்டர். அதே வாரத்தில், புதிதாக மினி லேத் வாங்கியிருக்கிற தம்பி ஒருவர் போன் பண்ணி, "அண்ணா, மெஷினோட வந்த சென்டரே போதுமா, வேற வாங்கணுமா?" என்று கேட்டார். அரை மணி நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

என்னுடையது எம்டி2 டேப்பர் (லேத்துக்குள் செருகுகிற, சரிவான பின்பகுதியின் அளவு அது), முனைகளை மாற்றிப் போடுகிற செட். கூர்க்கூம்பு, கப், பெரிய மொட்டைக் கூம்பு, தட்டை என்று நாலு முனை. வாரத்துக்கு மூன்று நாள் மாலையில் பூரிக்கட்டை, மத்து, பம்பரம், அப்புறம் யாராவது கேட்டால் பேனா. மரம் பெரும்பாலும் வேம்பு, பூவரசு, வாகை. கிண்ணம் அபூர்வம்.

லேத்தோடு வந்தது 60 டிகிரி கூம்பு. நான் இருக்கிற கோவையில் எந்தக் கடையில் போய் 'ரிவால்விங் சென்டர்' (லைவ் சென்டரின் இன்னொரு பெயர்) என்று கேட்டாலும் அதைத்தான் எடுத்து வைப்பார்கள், ஏனென்றால் ஊரே இரும்பு கடைகிற ஊர். இரும்பில் முதலில் சென்டர் டிரில்லால் 60 டிகிரியில் ஒரு குழி போட்டுவிடுவார்கள், கூம்பு அந்தக் குழியில் பொருந்தி உட்காரும். மரத்தில் நாம் அப்படிக் குழி போடுவதில்லை, கூம்பையே அழுத்தி இறக்குகிறோம். அப்போது அது ஆப்பு மாதிரிதான் வேலை செய்கிறது. 18 மி.மீ. தடிமனில் ஒரு மத்துக் கைப்பிடி, நல்ல பூவரசு, கடைசல் எல்லாம் முடிந்து உப்புத்தாள் போடும்போது டெயில் ஸ்டாக் (சென்டரைப் பிடித்திருக்கும் லேத்தின் பின்பகுதி) பக்கத்து நுனியில் நார் ஓடிய திசையிலேயே பிளந்தது. உளி ஓடும் அதிர்வில் கூம்பு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும், பிடி தளரும், நான் கைச்சக்கரத்தைத் திருகி இறுக்குவேன், அது இன்னும் இறங்கும். பிளக்காமல் என்ன செய்யும்?

கப் முனைக்கு மாறிய அன்றே வித்தியாசம் தெரிந்தது. நடுவில் 3 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு சின்ன ஊசி, சுற்றி ஒரு வளையம். ஊசி இடத்தைக் காட்ட மட்டும்தான், அழுத்தம் முழுவதையும் வளையம்தான் தாங்குகிறது. வளையம் நாரை நெருக்குகிறதே தவிர விரிப்பதில்லை. அதனால் ஒல்லியான கட்டையும் பிளப்பதில்லை, அடிக்கடி இறுக்க வேண்டிய வேலையும் குறைந்தது. ஆனால் நான் எதிர்பார்க்காத சந்தோஷம் வேறு. ஒரு வேப்பங்கட்டையை ஈரத்தோடே முரட்டுத்தனமாக உருட்டிக் கடைந்து, மூன்று மாதம் அலமாரி மேல் காயப் போட்டிருந்தேன். காய்ந்ததும் லேசாக முட்டை வடிவத்துக்குப் போயிருந்தது. ஆனால் நுனியில் ஊசிப்புள்ளியும் வளையத் தடமும் அப்படியே இருந்தன. எடுத்து வைத்தேன், பழைய இடத்திலேயே 'டக்'கென்று உட்கார்ந்தது. கூம்பு போட்ட குழி காய்ந்தால் அதுவும் கோணிப்போகும், முனை எங்கே உட்காருவது என்று தடுமாறும். அன்றைக்கு இந்த முனை மேல் வந்த பிரியம் இன்னும் போகவில்லை. ஈர மரத்தில் ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: கருவேலம் மாதிரி துவர்ப்புள்ள மரமாக இருந்தால் இரும்பு பட்ட இடம் கருநீலமாகக் கறை பிடிக்கும். நுனியை வெட்டிப் போடுகிற மாதிரி நீளம் விட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆனது. நீள மத்துக்காம்பு நடுவில் அதிர்ந்து, மேல்தோல் முழுக்கச் சுருள் சுருளாக வரி விழும். உளி மழுங்கல் என்று தீட்டித் தீட்டிப் பார்த்தேன். தப்பு அழுத்தத்தில் இருந்தது. டெயில் ஸ்டாக்கை இறுக்க இறுக்க ஒல்லிக் காம்பு வில் மாதிரி வளைகிறது, வளைந்தது சுற்றும்போது அதிரத்தான் செய்யும். இப்போது முரட்டுக் கடைசல் முடிந்ததும் கைச்சக்கரத்தைக் கால் சுற்று தளர்த்திவிடுகிறேன். சத்தமே மாறும், கேட்டாலே புரியும். பேனாக் குழாயைக் கோத்துக் கடைகிற கம்பியான மேண்ட்ரலுக்கும் இதே கதைதான்: கூம்பை அழுத்தினால் கம்பி வளையும், குழாய் ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் மெலிசாகவும் வரும்.

சரி, இனி கோபத்துக்கு வருகிறேன்.

இந்த செட்டில் முனைகள் உடம்போடு திருகி நிற்பதில்லை. ஒரு நேரான காம்பு, ஒரு துளை, அவ்வளவுதான். குவில்லை, அதாவது சென்டர் செருகியிருக்கும் டெயில் ஸ்டாக் குழலை, பின்னால் இழுத்தால் முனை மரத்தோடே ஒட்டிக்கொண்டு உடம்பிலிருந்து கழன்று வருகிறது, அடுத்த நொடி சீவல் குவியலுக்குள் விழுகிறது. ஒரு மாலையில் ஆறு பம்பரம் கடைந்தால் ஆறு தடவை. நாலு வருஷமாக! கிரீஸ் ஒரு சொட்டு வைத்தால் இரண்டு நாள் பிடிக்கும், அப்புறம் தூள் கலந்து கல்லாகிவிடும். டெஃப்ளான் டேப் சுற்றினால் பிடிக்கும், ஆனால் முனை மையத்திலிருந்து விலகிச் சுற்றும். பணம் வாங்கி விற்கிற பொருளில் அந்தத் துளையைக் கொஞ்சம் நெருக்கமாகப் போட்டிருந்தால் என்ன? கனடாவின் ஒன்வே கம்பெனி சென்டரில் முன்பக்கம் முக்கால் அங்குலத் திருகு இருக்கிறது, அங்குலத்துக்குப் பத்து புரி. கூம்பு அதில் திருகி நிற்கும். மரத்துண்டில் அதே புரி வெட்டினால் நமக்கு வேண்டிய வடிவில் நாமே முனை செய்துகொள்ளலாம். விலை எட்டாது என்பதால் நான் வாங்கவில்லை, ஆனால் யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

பேரிங்கைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். நாலு வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் மாற்றியிருக்கிறேன். கையில் பிடித்து மெதுவாகச் சுற்றினால் கரகரவென்று மண் அரைபடுகிற மாதிரி விரலுக்குத் தெரிந்தது. பேரிங்கைப் பிடித்து நிற்கும் வளையக் கிளிப்பை (சர்க்ளிப்) கழற்றிப் பார்த்தால் முன்னால் இருந்தது 6001 நம்பர் பேரிங், இசட்இசட் ரகம். அதன் மூடி தகரம், உள்வளையத்தைத் தொடாமல் ஒரு மயிரிழை இடைவெளி விட்டு நிற்கும். உப்புத்தாள் தூளுக்கு அந்த இடைவெளி போதும். ரப்பர் மூடி போட்ட 2ஆர்எஸ் வாங்கிப் போட்டேன். உள்விட்டம் 12 மி.மீ., வெளிவிட்டம் 28, தடிமன் 8, எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும். ரப்பர் உதடு உரசுவதால் கையால் சுற்றினால் கொஞ்சம் கனமாக இருக்கிறது, வேலையில் அது தெரியவே இல்லை. புதிதாக வாங்கினாலும் முதல் வேலையாக இதை மாற்றிவிடலாம் என்பது என் எண்ணம்.

டேப்பரையும் மறக்காதீர்கள். தூளால் பேரிங் இறுகிப்போன அன்று முனையோடு உடம்பும் சேர்ந்து சுற்றி, குவில்லுக்குள் ஒரு கீறல் விழுந்துவிட்டது. இப்போது ஒவ்வொரு தடவையும் இரண்டு பக்கமும் துணியால் துடைத்துவிட்டுத்தான் செருகுகிறேன். இன்னொன்று, சில சென்டர்களுக்குப் பின்னால் தட்டையான வால் இருக்கும். அது குவில்லின் திருகில் சீக்கிரமே இடித்து சென்டரை வெளியே தள்ளிவிடும், சின்ன லேத்தில் நீளம் வீணாகும். வாங்கும் முன் டேப்பர் நீளத்தை அளந்து பாருங்கள்.

தம்பிக்கு நான் சொன்னது இதுதான்: மெஷினோடு வந்த கூம்பைப் பேனாவுக்கு வைத்துக்கொள், கப் சென்டர் ஒன்றைத் தனியாக, முனை கழலாத ஒரே உடம்பாக வாங்கு, இந்த நாலு முனை செட் பக்கமே போகாதே. "அப்ப உங்க செட்டை எனக்குக் குடுத்துடுங்கண்ணா, கப்பை மட்டும் நீங்க வச்சுக்குங்க" என்றார். அந்தக் கப் உட்கார வேறு உடம்பு என்னிடம் இல்லை. தர முடியாது என்று சொல்லிவிட்டேன்.