கிளிப்பைக் கழற்றுவதற்கு முன்பே ரீட்டெய்னரைப் பற்றிக் கேட்டுவிடுங்கள்

பல்லில் போட்ட கிளிப்பைக் கழற்ற நாள் குறித்துவிட்டார்கள் என்றால், அதற்கு முன்பே ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: ரீட்டெய்னர் (நேராக்கிய பல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பிடித்து வைக்கும் சாதனம்) என்றைக்குக் கைக்கு வரும்? "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால், கழற்றும் நாளைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். கிளிப் இன்னும் கொஞ்ச நாள் வாயில் இருப்பதால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது. கிளிப்பும் இல்லாமல், ரீட்டெய்னரும் இல்லாமல் பல் சும்மா நிற்கும் நாட்கள்தான் ஆபத்து. எனக்கு அந்த நாட்களில்தான் எல்லாம் கெட்டது.

சிகிச்சையைத் தொடங்கும்போது "முழு பேக்கேஜ்" என்று மொத்தமாக ஒரு தொகை பேசினார்கள். ரீட்டெய்னர் அதில் சேராது என்பது கிளிப்பைக் கழற்றி, பசையைத் தேய்த்து எடுத்து, கண்ணாடியைக் கையில் கொடுத்து, அவர்களுடைய விளம்பரத்துக்குப் போட்டோவும் எடுத்து முடித்த பிறகுதான் தெரிந்தது. சரி, தனியாகவே கட்டிவிடலாம் என்றேன். "ஈறு வீங்கியிருக்கு, வீக்கம் வடியட்டும், அடுத்த வாரம் அளவு எடுக்கலாம்" என்றார்கள். அளவு எடுத்த பிறகு லேபில் தாமதம். அப்புறம் விடுமுறை. இப்படியே வாரங்கள் ஓடின.

இந்த இடைவெளி ஏன் இவ்வளவு முக்கியம் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. பல் வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்கள் இருக்கின்றன. பல் புது இடத்துக்கு வந்த பிறகு அவை மறுபடி ஒழுங்காகப் பின்னிக்கொள்ள மூன்று, நான்கு மாதம் ஆகும். ஈறுக்குள் இருக்கும் மீள்தன்மை கொண்ட நார்கள் இன்னும் மெதுவானவை, ஒரு வருடம் வரைகூட எடுத்துக்கொள்ளும். திருகி நின்ற பல்லைத் திருப்பி நேராக்கியிருந்தால், அதைப் பழைய பக்கமே இழுப்பது இந்த நார்கள்தான். எனக்குக் கீழ்வரிசையில் இடப்பக்கம் கோரைப்பல்லை ஒட்டிய பல் அப்படித் திருகி இருந்தது. முதலில் பழைய இடத்துக்குத் திரும்பியதும் அதே பல்தான்.

ரீட்டெய்னரை ஒருவழியாகக் கொடுத்தார்கள். டப்பா கிடையாது, டிஷ்யூ பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்கள். (ரீட்டெய்னர்கள் குப்பைத் தொட்டிக்குப் போவதே பெரும்பாலும் டிஷ்யூவில் சுற்றி வைப்பதால்தான். அதைக் கிளினிக்கே செய்தது!) மேல்வரிசை 'டக்'கென்று உட்கார்ந்தது. கீழ்வரிசை உட்காரவில்லை. அங்கிருந்த உதவியாளர் கட்டைவிரலால் அழுத்தினார். அந்த ஒரு பல்லின் நுனிக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் எச்சில் குமிழி நிற்பது கண்ணாடியில் தெளிவாகத் தெரிந்தது. ஓரத்தை மழுங்கத் தேய்க்கவும் இல்லை, நகத்தால் தடவினால் சிக்கியது. இதைக் காட்டியதற்கு "போடப் போட உட்கார்ந்துடும்" என்றார்கள்.

இந்த வார்த்தையை நம்பாதீர்கள். புது ரீட்டெய்னர் முதல் சில நாள் கொஞ்சம் இறுக்கமாக இருப்பது இயல்பு. ஆனால் அது எல்லாப் பற்களின் மேலும் முழுசாக உட்கார வேண்டும். ஒரு பல்லில் மட்டும் இடைவெளி தெரிந்தால், அந்தப் பல் நகர்ந்துவிட்டது அல்லது அளவு சரியில்லை என்றுதான் அர்த்தம். இரண்டில் எதுவானாலும் அந்த ரீட்டெய்னரை வாங்கிக்கொண்டு வெளியே வரக்கூடாது, அங்கேயே மறு அளவு எடுக்கச் சொல்ல வேண்டும்.

எப்போது போட வேண்டும், எப்படிக் கழுவ வேண்டும் என்று எழுதிய ஒரு தாள்கூடத் தரவில்லை. "ஆறு மாசம் ராத்திரி மட்டும் போட்டா போதும்" என்றதோடு சரி. பொதுவாகச் சொல்லப்படுவது வேறு. முதல் சில மாதம் சாப்பிடும் நேரமும் பல் துலக்கும் நேரமும் போக நாள் முழுக்க, அப்புறம் இரவில் மட்டும், அதுவும் பல் நேராக இருக்க வேண்டும் என்று நினைக்கும் காலம் வரைக்கும். கிளிப்பே போடாதவர்களுக்கும் வயதாக ஆக கீழ்முன்பற்கள் நெருக்கிக்கொண்டு வரும், அதனால் "இத்தனை மாதத்தோடு முடிந்தது" என்று யாரும் சொல்லிவிட முடியாது. வெந்நீரில் கழுவினால் வளைந்துவிடும், போட்டுக்கொண்டே இனிப்பான எதையும் குடித்தால் அது பல்லோடு தங்கிவிடும் என்பதெல்லாம் பிறகு வேறொரு மருத்துவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கீழ் ரீட்டெய்னர் உட்காரவில்லை என்று நான் விடாமல் கேட்டதால், கீழ்முன்பற்களின் உள்பக்கம் ஒரு மெல்லிய கம்பியை ஒட்டி, "இனிமே ரீட்டெய்னரே வேண்டாம்" என்று அனுப்பிவிட்டார்கள். ஒட்டும் கம்பி நல்ல முறைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதை யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு பல்லில் மட்டும் பசை விட்டுப்போனால், மற்ற பற்களில் கம்பி பிடித்திருப்பதால் நமக்கு ஒன்றும் தெரியாது. அந்த ஒற்றைப் பல் மட்டும் தன் போக்கில் நகரும். கம்பியே வளைந்திருந்தால் அதுவே பல்லைத் தள்ளவும் செய்யும். செக்கப் என்று போனபோதெல்லாம் என்னைச் சிரிக்கச் சொல்லி முன்பக்கத்தைப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். உள்பக்கம் கண்ணாடி வைத்துப் பார்த்ததே இல்லை.

பல் திரும்பியது வெளியே தெரிய ஆரம்பித்ததும் பேச்சு மாறியது. எனக்குக் கிளிப் போட்ட ஸ்பெஷலிஸ்ட் அங்கிருந்து போய்விட்டிருந்தார். புதிதாக வந்தவர் என் வாயைப் பார்ப்பதற்கு முன்பே "நீங்க ரீட்டெய்னர் போட்டிருக்க மாட்டீங்க" என்றார். அடுத்து "ஞானப்பல் தள்ளுது, எடுத்துடலாம்" என்றார். ஞானப்பல் தள்ளித்தான் முன்பல் நெருங்குகிறது என்பதற்கு ஆய்வுகளில் உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை, ஞானப்பல் இல்லாதவர்களுக்கும் நெருங்கத்தான் செய்கிறது. முன்பல் நெருங்காமல் இருக்க வேண்டும் என்பதற்காக மட்டும் யாராவது ஞானப்பல்லை எடுக்கச் சொன்னால் இன்னொரு மருத்துவரையும் கேட்டுவிடுங்கள். கடைசியாக அவர் வந்து நின்ற இடம்: மறுபடியும் கிளிப், மறுபடியும் பேக்கேஜ்.

தொடங்கும்போது கொடுத்த "வாழ்நாள் புன்னகை உத்தரவாதம்" அட்டையை எடுத்துக் காட்டினேன். பின்பக்கம் பொடி எழுத்தில், நோயாளி ஒத்துழைக்காவிட்டால் செல்லாது என்று இருந்தது. ஒத்துழைத்தேனா இல்லையா என்று தீர்மானிப்பவர்களும் அவர்களே! இந்த மாதிரி உத்தரவாதம் பெரிய நிறுவனமே கொடுத்தாலும் அந்த நிறுவனம் இருக்கும் வரைக்கும்தான். அலைனர் (பல்லை நகர்த்தி நேராக்கும், கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் உறை) விற்ற ஸ்மைல் டைரக்ட் கிளப் என்ற அமெரிக்க நிறுவனம் 2023 டிசம்பரில் கடையை மூடியபோது அவர்களுடைய வாழ்நாள் உத்தரவாதமும் அன்றோடு போனது.

வேறொரு பல் சீரமைப்பு மருத்துவரிடம் போனேன். அவர் ஒரு கூர்மையான கருவியைக் கம்பிக்கு அடியில் விட்டு மெதுவாகத் தூக்கினார். கோரைப்பல் பக்கம் கம்பி தனியாக எழும்பி வந்தது, அதற்கடியில் பற்காரை மஞ்சளாகப் படிந்திருந்தது. நகர்வு கொஞ்சம்தான் என்பதால் முழு கிளிப் தேவையில்லை, சில அலைனர்களிலேயே திருப்பிவிடலாம் என்றார். அப்படியே செய்தார். கடைசி அலைனரைக் கழற்றிய அன்றே ரீட்டெய்னர் தயாராக இருந்தது, இரண்டு செட். ஸ்கேன் ஃபைலையும் கையில் கொடுத்தார். ரீட்டெய்னர் தொலைந்தாலோ உடைந்தாலோ, பல் நகராமல் இருக்கும் பட்சத்தில் அந்த ஃபைலை வைத்து எந்த லேபிலும் புதிதாகச் செய்துகொள்ளலாம்.

முதல் கிளினிக்கில் என் எக்ஸ்ரேயும் அச்சு மாடல்களும் கேட்டபோது முதலில் "ரூல்ஸ் இல்லை" என்றார்கள். எழுத்தில் கடிதம் கொடுத்த பிறகுதான் நகல் வந்தது. அதில் என் கேஸ் ஷீட்டில் "ரீட்டெய்னர் அணியவில்லை" என்று எழுதியிருந்தது. அந்த வரிக்குப் போட்டிருந்த தேதியில் அவர்கள் எனக்கு ரீட்டெய்னரே கொடுத்திருக்கவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டு அந்த ஷீட்டோடு புகார் கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.

நீங்கள் இப்போது கிளிப்பில் இருந்தால் பேக்கேஜில் ரீட்டெய்னர் உண்டா, எந்த வகை, எத்தனை செட், கழற்றிய பிறகு எத்தனை தடவை இலவசமாகப் பார்ப்பார்கள் என்பதை எழுதி வாங்குங்கள். ஒளிபுகும் பிளாஸ்டிக் வகையா, கம்பியும் அக்ரிலிக்கும் சேர்ந்த ஹாலி வகையா என்று ரொம்ப யோசிக்க வேண்டாம், எல்லாருக்கும் இதுதான் உசத்தி என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ஹாலியில் கம்பியை முறுக்கிச் சரிசெய்ய முடியும், ஒளிபுகும் வகை வெளியே தெரியாது, அவ்வளவுதான். ஏற்கெனவே ரீட்டெய்னரில் இருப்பவர்கள், நேற்றுவரை சுலபமாக ஏறியது இன்று இறுகினால் அன்றைக்கே மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். முழுசாக உட்கார்ந்தால் அவர் பார்க்கும் வரை கழற்றாமல் போட்டிருங்கள், உட்காரவில்லை என்றால் கடித்து ஏற்ற வேண்டாம்.