வேலூரில் சாவு வீட்டு மொத்தப் பொறுப்பு: பெட்டி தேறும், குடம் தேறாது

ஐஸ் பெட்டிக்கு ஒருவர், பந்தலுக்கு ஒருவர், வண்டிக்கு ஒருவர், பூவுக்கு நேதாஜி மார்க்கெட் என்று சாவு விழுந்த வீட்டில் நாலு பேர் நாலு பக்கம் ஓடிய காலம் போய், வேலூரில் இப்போது ஒரே போனில் எல்லாம் வந்து இறங்குகிறது. சத்துவாச்சாரி, காந்தி நகர், தோட்டப்பாளையம் பக்கத்துப் பெரிய வீடுகளுக்கு இந்த 'மொத்தப் பொறுப்பு' சேவை நன்றாகவே விலை போகிறது. கடைப்பெயர் இங்கே தேவையில்லை, முறை எல்லோருடையதும் ஏறக்குறைய ஒன்றுதான். சின்னக் குடும்பத்துக்கு இதில் குறை சொல்ல அதிகம் இல்லை. அரிசி மில், ஜவுளிக் கடை, பள்ளிக்கூடம், கட்சிப் பதவி என்று ஏதாவது இருந்து, பேச்சுவார்த்தை அற்றுப்போன அண்ணன் தம்பிகளும் இருக்கும் வீட்டில் இது எந்த அளவுக்குத் தாங்கும் என்பதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் பெட்டி. மே மாதத்தில் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊர் இது. பெங்களூரிலிருந்து காரில் வரவே நாலு மணி நேரம், துபாயிலிருந்து வருகிறவருக்கு ஒரு முழு நாள் என்றால் பெட்டி இல்லாமல் ஆகாது. வருகிற பெட்டிகள் நல்ல நிலையில்தான் இருக்கின்றன, கொண்டுவரும் பையன்களுக்குத்தான் அவசரம். இறக்கியதும் உடலை வைத்துவிடுகிறார்கள். அரை மணி நேரமாவது காலியாக ஓடவிட்டுக் குளிர்ந்த பிறகே வைக்க வேண்டும். குளிப்பாட்டிய ஈரத்தைத் துவட்டாமலோ மாலையோடோ வைத்தால் கண்ணாடியில் ஆவி படிந்து முகமே தெரியாது. வாய்க்கட்டும் கால் பெருவிரல் கட்டும் அதற்கு முன்பே போட்டிருக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் தாடை விறைக்கத் தொடங்கிவிடும், பிறகு எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் வாய் மூடாது.

பெட்டிக்கு 15 ஆம்ப் பிளக் ஒன்று தனியாக வேண்டும். பந்தலுக்கு இழுத்த மெல்லிய வயரில் நாலு ஃபேனோடும் ஃபோகஸ் லைட்டோடும் சேர்த்துச் செருகினால் வோல்டேஜ் இறங்கி கம்ப்ரஸர் உறுமுமே தவிர ஓடாது. கரண்ட் போய் வந்தால் உடனே போடாமல் ஐந்து நிமிடம் விட வேண்டும். தண்ணீர் வடியும் குழாய்க்கு அடியில் ஒரு வாளி வைக்க வேண்டும். பழைய வீடுகளில் நடை குறுகல், பெட்டி திரும்பாது. முற்றத்தில் வைப்பதா திண்ணையில் வைப்பதா என்பதைப் பெட்டி வருவதற்கு முன்பே அளந்து சொல்லிவிடுங்கள். மேற்கு வெயில் விழும் பந்தலடியில் வைத்தால் மாலை நாலு மணிக்குப் பெட்டி தோற்றுவிடும்.

இவ்வளவு சரியாகச் செய்தாலும் பெட்டியைக் கெடுப்பது உறவுக்காரர்கள்தான். ஒவ்வொரு தரப்பும் வரும்போது மூடியைத் திறக்கச் சொல்லும். பெரியவர் மகன் திறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டால் சின்னவர் வீட்டம்மாவும் திறக்கச் சொல்வார். பத்து தரம் திறந்த பெட்டி குளிராது. 'கோடி (உறவினர் போர்த்தும் புதுத்துணி) போடும்போது மட்டுமே மூடி திறக்கப்படும்' என்று தாளில் எழுதிக் கண்ணாடி மேல் ஒட்டிவிடுகிறார்கள். இதற்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

அதைவிடப் பெரிய நல்ல காரியம் பொறுப்புச் சீட்டு. சேவைக்காரர்கள் மேற்பார்வைக்கு அனுப்பும் மேலாள் வந்த அரை மணிக்குள் ஒரு தாளைத் தயார் செய்கிறார். சாவு சொல்லி அனுப்புவது யார், மாலையும் கோடியும் வாங்கி நோட்டில் எழுதுவது யார், டீக்கும் சாப்பாட்டுக்கும் யார், மயானத்துக்கு முன்னால் போய் நிற்பது யார் என்று பெயர் பெயராக எழுதி வாசல் சுவரில் ஒட்டுகிறார். பெரிய வீட்டுச் சாவைக் கணக்குப் போட்டு நடத்துவதில் சீனர்கள் நமக்கு மூத்தவர்கள். வடசீனக் கிராமங்களிலும் இப்படித்தான் வேலைப் பட்டியலைச் சுவரில் ஒட்டுவார்கள். பெற்றவரைப் பறிகொடுத்த பிள்ளைகள் துக்கத்தை மட்டும் பார்க்கட்டும், கணக்கு வழக்கைத் தொட வேண்டாம் என்று வெளியாள் ஒருவரைத் தலைமைக்கு வைப்பது அங்கே வழக்கம். நம் ஊரில் இந்த இடத்தில் வழக்கமாக நிற்பது ஒரு பங்காளி. அவருக்கும் ஒரு பக்கம் இருக்கும். வெளியாள் நின்றால் 'பந்தல்காரனுக்கு எவ்வளவு கொடுத்தாய்' என்ற சண்டை குறைகிறது. கட்டுகிற பணத்தில் பாதி இந்த ஒரு தாளுக்கே தகும்.

நகை இறக்கும் விஷயத்தில் பாதிக் கிணறுதான் தாண்டுகிறார்கள். குளிப்பாட்டுவதற்கு முன் கழற்றிய தாலிச்சரடு, தோடு, மூக்குத்தி, வளையல், மோதிரம் எல்லாவற்றையும் எண்ணிச் சீட்டு எழுதுகிறார்கள். நல்லதுதான். கையெழுத்து வாங்குவது மட்டும் முன்பணம் கொடுத்தவரிடம். இரண்டு தரப்பிலிருந்தும் ஒவ்வொரு கையெழுத்து, துணியில் பரப்பி ஒரு போட்டோ, இரண்டையும் நீங்களே கேட்டு வாங்குங்கள். எடை போடாமல் எடை எழுதவிடாதீர்கள். கண்ணால் பார்த்து எழுதிய எட்டு சவரன் பின்னால் பஞ்சாயத்தில் பத்தாகவும் ஆகும், ஆறாகவும் ஆகும். பீரோ சாவியை மேலாள் எந்தக் காரணத்துக்காகவும் கையில் வாங்குவதில்லை. அந்த வழக்கம் மாறாமல் இருக்கட்டும்.

எடுக்கும் நேரத்தில் இவர்கள் சறுக்குகிறார்கள். மூன்று மணிக்கு எடுப்பு என்று சொல்லிவிட்டால் இரண்டரைக்கே டிரைவர் ஹாரன் அடிக்கிறார், அவருக்கு அடுத்த இடம் காத்திருக்கிறது. இறந்தது பெண் என்றால் பிறந்த வீட்டுக் கோடி வராமல் எடுக்கவே கூடாது. குடியாத்தத்திலிருந்தோ ஆரணியிலிருந்தோ வருகிற தாய்வீட்டார் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டால் காத்திருக்கத்தான் வேண்டும். சீனத்திலும் மணமான பெண் இறந்தால் பிறந்த வீட்டார் வந்து முகம் பார்த்த பிறகுதான் சவப்பெட்டிக்கு ஆணி அடிப்பார்கள். எங்கள் பெண்ணை எப்படி வைத்திருந்தீர்கள் என்று கேட்கும் கடைசி உரிமை அது. ஒப்பந்தம் பேசும்போதே ஒரு மணி நேரம் தாமதத்துக்கு எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெட்டி வாடகை 24 மணிக் கணக்கு, ஒரு மணி கூடினாலும் அடுத்த நாள் வாடகை விழும்.

ஸ்பீக்கரில் ஓடும் பதிவு ஒப்பாரியை வேண்டாம் என்று சொல்லிவிடுவது நல்லது. வீட்டுப் பெண்கள் கட்டிப்பிடித்து அழுகிற ஒப்பாரியில்தான் 'கழனி எழுதி வைத்தாயே, காசு கேட்டு வந்தானே' என்று யார் யாரை ஏமாற்றினார்கள் என்பதும் சேர்ந்து வெளியே வரும். வாய்விட்டுச் சொல்ல முடியாததை ராகத்தில் சொல்லிக்கொள்ள நம் பெண்களுக்கு இருக்கும் இடம் அது ஒன்றுதான். எட்டடி ஸ்பீக்கரை வைத்து அதையும் மூடிவிட்டால், அழவேண்டிய கோபம் பதினாறாம் நாள் பந்தியில் வந்து வெடிக்கும்.

கண்ணீர் அஞ்சலி பேனரில் பெயர் வரிசையைக் கேட்காமலே அடித்துவிடுகிறார்கள். அச்சுக்குப் போகும் முன் மாதிரியை இரு தரப்புக்கும் வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லுங்கள். ஒத்துவராது என்று தெரிந்தால் 'குடும்பத்தார்' என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்ளலாம். இரண்டாம் குடும்பம் உள்ள வீட்டில் இதை விட்டால் வேறு வழியில்லை.

வண்டியைப் பற்றிச் சொல்ல இரண்டே விஷயம். பூ அலங்காரத்தின் உயரம் தெரு மின்கம்பிக்குக் கீழே இருக்க வேண்டும். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் இறந்தவரை வீட்டுக்குக் கொண்டுவர 155377 என்ற எண்ணில் அரசின் இலவச அமரர் ஊர்தி கிடைக்கும், அந்தத் தூரத்தையும் சேர்த்துப் பில் போட்டால் கழித்துத் தரச் சொல்லுங்கள்.

மயானத்தில் எரிவாயு மேடையா விறகா என்று கேட்பார்கள். எரிவாயு என்றால் ஒன்று ஒன்றரை மணி நேரத்தில் முடியும், சாம்பல் அன்றே கையில் கிடைக்கும். இறந்தவருக்கு பேஸ்மேக்கர் இருந்தால் முன்பே எடுத்துவிட வேண்டும், சூட்டில் வெடிக்கும். விறகு என்றால் முந்நூறிலிருந்து நானூறு கிலோ, கூட வறட்டியும் வைக்கோலும். ஈர விறகு வந்தால் புகை மட்டும்தான், மறுநாள் பால் தெளிக்கப் போகிறவர்கள் வேகாததைப் பார்க்க நேரும். ஒரு கட்டையை வெட்டச் சொல்லி உள்ளே பாருங்கள். இந்த இடத்தில் இவர்கள் ஏமாற்றுவதில்லை, விறகு காய்ந்துதான் வருகிறது.

இனி, கொள்ளி வைப்பவர் தோளில் சுமக்கும் குடம். இந்தச் சேவை தோற்பது இங்கேதான். சேவைக்காரர்களின் பதிவுப் படிவத்தில் 'கொள்ளி வைப்பவர்' என்று ஒரே ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்புகிறவர் முன்பணம் கட்டியவர். மேலாள் மயானம் வரை அந்தப் பெயரைத்தான் கூப்பிடுகிறார். தகப்பனுக்குத் தலைமகன், தாய்க்குக் கடைசி மகன் என்பது ஊரறிந்த வழக்கம், அதில் சிக்கல் வருவதில்லை. தலைமகன் முன்பே இறந்துபோய், அவருடைய மகன் வளர்ந்து நிற்கிறான் என்றால்தான் வினை. பேரன் உரிமை கேட்பான். சித்தப்பா, 'நான் உயிரோடு இருக்கும்போது இவன் எப்படி?' என்பார். சீனத்துப் பழைய முறையில் இதற்கு எழுத்தில் விடை இருக்கிறது. மூத்த மகன் இல்லையென்றால் அவன் மூத்த மகன் தகப்பன் இடத்தில் நின்று, மகனுக்குரிய மூன்றாண்டுத் துக்கத்தைத் தாங்குவான். ஓரம் தைக்காத முரட்டுச் சணல் துணிதான் அவனுக்கும். துக்க உடுப்பில் ஐந்து படி உண்டு, கடைசிப் படிக்கு மூன்று மாதம்தான். யார் எவ்வளவு நெருக்கம் என்பதை உடம்பில் இருக்கும் துணியே சொல்லிவிடும். அங்கேயும் சாவு எடுக்கும்போது மூத்தவன் ஒரு மண்சட்டியைத் தரையில் ஓங்கி அடித்து உடைப்பான். பிள்ளை இல்லாத வீட்டில் சட்டியை உடைக்கும் அண்ணன் மகனுக்கே சொத்து என்று வழக்கம் இருந்ததால், அந்தச் சட்டிக்காக அடிதடி நடந்திருக்கிறது.

நம் சட்டத்தில் குடத்துக்கும் பாகத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கொள்ளி வைத்தவருக்கு ஒரு சென்ட்கூட அதிகம் கிடையாது. தமிழ்நாடு 1989லேயே, அப்போது மணமாகாமல் இருந்த மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு கொடுத்தது, 2005 மத்தியத் திருத்தம் மணமானவர்களையும் சேர்த்து அதை நாடு முழுக்கக் கொண்டுபோனது, தகப்பன் 2005க்கு முன்பே இறந்திருந்தாலும் மகளுக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொன்னது. இதைத் தெரிந்த வீட்டிலும் குடத்துக்குச் சண்டை நிற்பதில்லை. ஊர் பார்க்க அவன் தோளில் குடம் இருந்தது என்பது வேறு கணக்கு. எனவே அந்தக் கட்டத்தைக் காலியாக விடச் சொல்லுங்கள். தாய்மாமனோ ஊர்ப் பெரியவரோ சொல்லும் பெயரை எடுப்புக்கு ஒரு மணி நேரம் முன்பு எழுதினால் போதும். விட்டுக்கொடுத்தவருக்கு நெய்ப்பந்தத்தில் முதல் இடமும் பால் தெளிக்கும் நாளில் முதல் கையும் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

குடத்தையும் பார்த்து வாங்க வேண்டும். இவர்கள் கொண்டுவருவது சில நேரம் தடித்த, அதிகம் சுட்ட குடம். இடது தோளில் குடத்தோடு சுற்றும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் கத்தி முனையால் ஒரு ஓட்டை போட்டு நீர் வடிய வேண்டும், மூன்று சுற்று, மூன்று ஓட்டை. தடித்த குடத்தில் மெல்லக் குத்தினால் இறங்காது, ஓங்கிக் குத்தினால் முதல் சுற்றிலேயே மொத்தமும் உடைந்து நனைந்துபோகும். அப்புறம் 'பாரு, அவன் வைத்தது ஏற்கவில்லை' என்று பேச்சு கிளம்பும். விரலால் தட்டி ஓசை பார்த்து, மெல்லியதாக ஐந்து லிட்டர் பிடிக்கும் குடம் இரண்டு எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

இறப்புப் பதிவு வேலையைச் செய்து தருகிறோம் என்கிறார்கள், செய்கிறார்கள். 21 நாளுக்குள் இறப்பைப் பதிய வேண்டும், தாமதமானால் கட்டணம், ஓராண்டைத் தாண்டினால் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) உத்தரவு வரை போகும். இறந்த இடத்தில்தான் பதிவு, வீடு இருக்கும் இடத்தில் அல்ல. 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு இது பலரைக் குழப்புகிறது. ரத்தினகிரிப் பக்கத்து மருத்துவமனையில் இறந்தால் ராணிப்பேட்டை மாவட்டம், வேலூர் மாநகராட்சியில் நின்று பயனில்லை. வாரிசுச் சான்று மட்டும் இவர்கள் கையில் விடாதீர்கள். ஒரு மகள் பெயர் விடுபட்டாலும் பத்து வருட வழக்கு.

பால் தெளிப்போடு ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது. பதினாறாம் நாள் காரியத்துக்குத் தனிப்பில், அதற்குச் சமையல் ஆளும் பாத்திரமும் மட்டும் வரும், மேலாள் வரமாட்டார். அன்றைக்குத்தான் பிள்ளைக்கு உருமால், அதாவது தலைப்பாகைத் துணி, கட்டுவது. எத்தனை உருமால் வாங்குவது என்று அவர்கள் போனில் கேட்டால் 'ஒன்று' என்று சொல்லி வைத்துவிடாதீர்கள், தாய்மாமனிடம் கேட்டுச் சொல்லுங்கள்.