அரை நாள், ஒரு சாப்பாடு, நாலு கிளாஸ்: நாசிக்கா, நந்தி மலையா?

தமிழ்நாட்டில் ‘ஒயின் ஷாப்’ பலகைக்குப் பின்னால் ஓடுவது பிராந்தியும் பீரும்தான். ஒயின் பெயரில் மட்டும் இருக்கும். அதனால் நம்மில் பலருக்கு ஒயினை அதற்குரிய கிளாஸில், அதற்குரிய குளிர்ச்சியில், சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் முதல் வாய்ப்பு ஏதாவது ஒரு ஒயினரியில், அதாவது ஒயின் தயாரிக்கும் இடத்தில்தான் அமைகிறது. ஷீரடி, திரியம்பகேஷ்வர் என்று கிளம்பியவர்களுக்கு நாசிக்கில் அரை நாள் மிஞ்சும். பெங்களூரில் வேலை பார்ப்பவர் ஒரு சனிக்கிழமை நந்தி மலைப் பக்கம் வண்டியைத் திருப்புவார். இந்த இரண்டு வகை ஆட்களுக்காக நான்கு இடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்: நாசிக் நகரை ஒட்டிய சூலா, அதற்கு அண்டை வீடான யார்க், இகத்புரி வட்டாரத்தில் சஞ்சேகாவில் இருக்கும் வலோனே, பெங்களூருக்கு வடக்கே தொட்டபள்ளாபுரத்தில் இருக்கும் குரோவர் ஜம்பா.

பெரும்பாலானவர்கள் பாட்டிலின் பெயரைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தப் பாட்டிலைப் பெரும்பாலும் மும்பையிலோ பெங்களூரிலோ கடையிலேயே வாங்கிவிடலாம். அங்கே போனால் மட்டுமே கிடைப்பது மேசை: யார் ஊற்றுகிறார், என்ன குளிர்ச்சியில் ஊற்றுகிறார், எந்தத் தட்டுக்கு எந்தக் கிளாஸ் வருகிறது. இடத்தை அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நேரக் கணக்கு

அரை நாள் என்றால் கையில் நான்கு மணி நேரம். காலை 11 மணிக்குத் தொழிற்கூடச் சுற்று, முக்கால் மணி நேரம். பிறகு டேஸ்டிங், அதாவது பல ஒயின்களைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிச் சுவைபார்ப்பது, இன்னொரு முக்கால் மணி. 12:45-க்குச் சாப்பிட உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டரை ஆகும். இதற்குள் இரண்டாவது ஒயினரியைத் திணித்தால் கெடுவது சாப்பாடுதான்: முதல் இடத்தில் பசியோடு குடித்து, இரண்டாவது இடத்தில் நாக்கு மரத்துப்போய் உட்கார்ந்திருப்பீர்கள். சூலாவும் யார்க்கும் மட்டும் இதற்கு விலக்கு. இரண்டும் கங்காபூர் சாலைப் பக்கம் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன.

சூலாவும் யார்க்கும்

ராஜீவ் சாமந்த் 1990களின் கடைசியில் தொடங்கிய சூலாவில் 2005-இல் டேஸ்டிங் அறை திறந்தார்கள். ஒயினரிக்குப் போய்ப் பொழுதைக் கழிக்கும் பழக்கத்தை இந்தியாவில் பரப்பியது அதுதான் என்று சொன்னால் மிகையில்லை. சுற்றுக் காட்டுவதில் இன்றும் அவர்கள் கைதேர்ந்தவர்கள். காம்பு பிரிக்கும் எந்திரம், காற்றுப் பையால் அழுத்திச் சாறு பிழியும் பிரஸ், குளிர்நீர் ஓடும் உறை போட்ட எஃகுத் தொட்டிகள், ஓக் பீப்பாய் அறை என்று வரிசையாகக் காட்டுவார்கள். வெள்ளை ஒயினுக்குச் சாறை முதலில் பிழிந்துவிட்டுப் புளிக்க வைக்கிறார்கள், சிவப்புக்குத் தோலோடு புளிக்க வைத்துப் பிறகு பிழிகிறார்கள். இந்த ஒரு வித்தியாசம் அங்கே புரிந்துவிட்டால் அப்புறம் கிளாஸில் வரும் பாதி விஷயம் தானாகப் புரியும். நாக்கைச் சுருக்கும் துவர்ப்பு தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருவது. வெள்ளையில் அது ஏன் குறைவு என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

சிக்கல் கூட்டம். சனி, ஞாயிறு மதியத்துக்கு மேல் டேஸ்டிங் கவுண்டரில் ஊற்றுபவருக்கு நான்கு வாக்கியம் பேசக்கூட நேரமிருக்காது. சூலாஃபெஸ்ட் நடக்கும் வார இறுதியில் ஒயினைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம் என்று போகவே போகாதீர்கள், அது இசைத் திருவிழா. சாப்பாட்டுக்கு வளாகத்திலேயே இரண்டு உணவகங்கள். லிட்டில் இட்டாலி இத்தாலியச் சமையல், சுத்த சைவம், ரசா இந்தியச் சமையல். குடும்பத்தில் பாதிப்பேர் சைவம் என்றால் சண்டையில்லாமல் முடியும் இடம் இதுதான். ஆனால் இங்கே பேரிங், அதாவது தட்டுக்கு ஏற்ற ஒயினைச் சேர்ப்பது, தானாக நடக்காது. மெனுவைப் பார்த்து நீங்களே கிளாஸ் கிளாஸாகச் சொல்ல வேண்டும். லிட்டில் இட்டாலியில் தக்காளி சாஸ் பாஸ்தாவுக்கு ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினைக் கேட்பது வழக்கமான தப்பு. தக்காளியின் புளிப்புக்கு முன்னால் ஷிராஸ் தட்டையாகிவிடும். அதற்கு சோவின்யோன் பிளாங்க் என்ற வெள்ளையோ, ஜின்ஃபண்டல் ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயினோ கேளுங்கள். வெண்ணெயும் க்ரீமும் போட்ட தட்டு வந்தால் ஷெனின் பிளாங்க் என்ற வெள்ளை.

யார்க் சின்ன இடம். 2021-இல் சூலாவே அதை வாங்கிவிட்டது. ஆக இந்தப் போட்டி இப்போது ஒரே வீட்டு அண்ணன் தம்பிப் போட்டி. மாடியில் உட்கார்ந்தால் கங்காபூர் அணையின் நீர்ப்பரப்பு கண்ணெதிரே விரியும். ஊற்றுபவரிடம் கேள்வி கேட்க இடமும் நேரமும் இருக்கும். ஷெனின் பிளாங்க் திராட்சையில் செய்த குமிழ் ஒயினான ஸ்பார்க்ளிங்கை ஏதாவது எண்ணெய்ப் பலகாரத்தோடு வாங்கிப் பாருங்கள். குமிழும் புளிப்பும் எண்ணெய்ப் பிசுக்கை வழித்துக்கொண்டு போகும், பஜ்ஜிக்கு இதைவிடப் பொருத்தமான பானம் குறைவு. அவர்களுடைய பெயர் பெற்ற சிவப்பான ஆரோஸை கபாப் வரும்வரை தொடாமல் வைத்திருங்கள். யார்க்கின் பேர்போன நேரம் சூரியன் மறையும் நேரம், மதியச் சாப்பாட்டுக்குப் போகிறவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள் என்பது ஒரு குறைதான்.

எங்கள் தீர்ப்பு: முதன்முறை போகிறவர் சூலாவில் காலைச் சுற்றை முடித்துவிட்டு, டேஸ்டிங்கையும் சாப்பாட்டையும் யார்க்கில் வைத்துக்கொள்வது உத்தமம். சைவம் கட்டாயம் என்றால் மட்டும் சூலாவிலேயே உட்கார்ந்துவிடலாம்.

வலோனே

நாசிக்கிலிருந்து இது தனிப் பயணம், முகனே அணை ஓரம். கடைசிக் கொஞ்ச தூரம் கிராமத்துச் சாலை. மும்பையிலிருந்து வருபவருக்குத்தான் லாபம். சம்ருத்தி விரைவுச் சாலையின் இகத்புரி–அமனே பகுதி 2025 ஜூனில் திறந்த பிறகு கசாரா மலைப்பாதை நெரிசல் அவர்களுக்கு இல்லை. நாசிக் ஊர் வரை போகாமலே திரும்பலாம்.

இங்கே வரவேண்டிய காரணம் சமையல். புனேயில் பேர் வாங்கிய மலாக்கா ஸ்பைஸ் உணவகத்தின் கிளை இது, தென்கிழக்கு ஆசியச் சமையல். தேங்காய்ப்பால், எலுமிச்சைப் புல், மிளகாய், புளி என்று நம் நாக்குக்கு அந்நியமில்லாத சுவைகள். அதோடு வலோனேயின் வியோனியே வெள்ளை ஒயின் பொருந்துவது போல நாசிக் பக்கம் வேறு ஜோடி அமைவது அரிது. வியோனியேக்கு வாசனை அதிகம், புளிப்பு குறைவு. தேங்காய்ப்பாலின் கொழுப்புக்கு மேலே அந்த ஆப்ரிகாட் வாசனை மிதந்து நிற்கும். கடைசியில் ‘வான் த பாஸரியாஷ்’ என்ற இனிப்பு ஒயினை ஒரு சின்னக் கிளாஸ் கேளுங்கள். திராட்சையை வாட்டி, நீர் வற்றவைத்து, சர்க்கரையைச் செறிவாக்கிச் செய்வது. சுற்று மட்டும் இங்கே சிறியது. பெரிய எந்திரங்களை எதிர்பார்த்து வந்தால் பத்து நிமிடத்தில் கால் அரிக்கும்.

குரோவர் ஜம்பா, நந்தி

பெங்களூரிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். சென்னையிலிருந்து வருபவருக்கும் நான்கில் கிட்டத்தில் இருப்பது இதுதான். கன்வல் குரோவர் 1980களின் கடைசியில் தொடங்கியது. பிரான்சின் போர்தோ வட்டார ஒயின் நிபுணர் மிஷேல் ரோலாந் 1990களில் ஆலோசகராக வந்தார். 2012-இல் நாசிக்கின் வலே த வான் என்ற ஒயின் நிறுவனத்தோடு இணைந்து இப்போதைய பெயர் வந்தது.

மற்ற மூன்றிலும் நினைத்த நேரத்தில் போய் உட்காரலாம், இங்கே அது நடக்காது. சுற்று, டேஸ்டிங், சாப்பாடு எல்லாம் சேர்ந்த பொதியாக, முன்பதிவின் பேரில் நடக்கும். இதில் ஒரு வசதி: என்ன குடிப்பது, எதோடு குடிப்பது என்று நீங்கள் யோசிக்க வேண்டியதில்லை. ஒரு தொந்தரவு: குழுவின் வேகம்தான் உங்கள் வேகம். ஒருவர் செல்ஃபி எடுத்து முடிக்கும்வரை அடுத்த கிளாஸ் வராது. லா ரிசர்வ் என்ற, கேபர்நே, ஷிராஸ் திராட்சைகளைக் கலந்து செய்த சிவப்பு இவர்களுடைய கையெழுத்து. பஃபே முறையில் சாப்பாடு வந்தால் எல்லா உணவையும் ஒரே தட்டில் குவிக்காதீர்கள். பனீரையும் மீனையும் மட்டனையும் ஒன்றாக வைத்துக்கொண்டு எந்த ஒயினாலும் ஒன்றும் செய்ய முடியாது. மூன்று தடவை எழுந்து போங்கள், வெட்கமில்லை.

வழியில் தெரியும் திராட்சையெல்லாம் ஒயின் திராட்சை என்று நினைத்துவிடக் கூடாது. நந்தி வட்டாரத்தில் சாலையோரம் விற்பது பெரும்பாலும் பெங்களூர் ப்ளூ என்ற சாப்பிடும் திராட்சை. நாசிக்கிலும் கண்ணில் படும் தோட்டங்களில் அதிகம் சாப்பிடும் திராட்சைதான். கம்பம் பள்ளத்தாக்கில் பார்த்திருப்பீர்களே, அதுபோலத் தலைக்கு மேலே பந்தலில் தொங்கினால் அது சந்தைக்குப் போவது. ஒயின் திராட்சை கம்பி வேலியில் வரிசையாக நின்று, குலை முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவில் இருக்கும். மணி சின்னது, தோல் தடித்தது, உள்ளே விதை நிறைய. கைக்கு எட்டுகிறதே என்று அனுமதியில்லாமல் பறிக்க வேண்டாம், மருந்து அடித்திருப்பார்கள்.

நாசிக்கில் அறுவடை ஜனவரியிலிருந்து மார்ச் வரை. ஏப்ரலில் ஒரு கவாத்து, செப்டம்பர்–அக்டோபரில் இன்னொரு கவாத்து. ஜூலை, ஆகஸ்டில் போனால் மலையும் கொடியும் பச்சைப்பசேல் என்று இருக்கும், பழம் ஒன்றுகூட இருக்காது, எந்திரங்கள் ஓய்வில் இருக்கும். பிப்ரவரி காலையில் போனால் பழம் இறங்குவதையே பார்க்கலாம். அப்போது நடக்கும் திராட்சை மிதித்தலில் சேருவது உங்கள் விருப்பம். அந்தச் சாறு ஒயினாகாது, கால் மட்டும் இரண்டு நாள் ஒட்டும்.

கிளாஸ் கைக்கு வந்த பிறகு

வரிசை: ஸ்பார்க்ளிங், வெள்ளை, ரோஸே, சிவப்பு, கடைசியில் இனிப்பு. மாற்றிக் கேட்டால் சிவப்பின் துவர்ப்பு நாக்கில் படிந்து வெள்ளை தண்ணீர் போலாகிவிடும்.

குளிர்ச்சியில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். ஸ்பார்க்ளிங் 6–8 டிகிரி, வெள்ளை 8–12, சிவப்பு 16–18. ‘சிவப்பு அறை வெப்பத்தில்’ என்ற பழைய விதி ஐரோப்பியக் குளிர் அறைக்குச் சொன்னது. மார்ச் மதியம் திறந்த மாடியில் 33 டிகிரியில் வரும் ஷிராஸில் ஆல்கஹால் மட்டும்தான் மூக்கில் ஏறும். கூச்சப்படாமல் ஐஸ் வாளி கேளுங்கள், பாட்டிலைப் பதினைந்து நிமிடம் வைத்தால் போதும்.

பாட்டில் எப்போது திறந்தது என்றும் கேளுங்கள். வார நாளில் கூட்டம் இல்லை என்று எல்லோரும் பரிந்துரைப்பார்கள், உண்மைதான். ஆனால் கூட்டம் இல்லாத நாளில் திறந்த பாட்டில் தீரவும் நாளாகும். ஷெனின் பிளாங்கில் வெட்டிவைத்துக் கருத்த ஆப்பிள் வாடை வந்தால், நிறம் பழுப்புக்குத் திரும்பியிருந்தால், காற்றுப் பட்டுப் போனது. வேறு பாட்டில் கேட்பது உங்கள் உரிமை. திருகு மூடி பாட்டிலில் திறந்தவுடன் தீக்குச்சி வாடை அடித்தால் பதற வேண்டாம். கிளாஸை நான்கு சுற்றுச் சுற்றினால் போய்விடும். வினிகர் வாடை மட்டும் எவ்வளவு சுற்றினாலும் போகாது.

காரத்துக்கு ஒரு விதி போதும்: மிளகாய் கூடினால் ஆல்கஹாலும் துவர்ப்பும் குறைய வேண்டும். காரமான மட்டனுக்கு முழுச் சிவப்பை ஊற்றினால் வாய் எரியும், ஒயின் கசக்கும். அந்த இடத்தில் லேசான இனிப்புள்ள ஷெனின் பிளாங்க்கோ ரோஸேயோ வைத்துப் பாருங்கள். மீனோடு துவர்ப்பான சிவப்பு சேர்ந்தால் இரும்பைச் சப்பியது போல ஆகும். இனிப்புத் தட்டில் குலாப் ஜாமூன் வந்தால் ஒயினைத் தள்ளி வையுங்கள். தட்டு ஒயினைவிட இனிப்பாக இருந்தால் ஒயின் புளித்துப்போகும். பழம் வந்தால் லேட் ஹார்வெஸ்ட் ஷெனின், அதாவது தாமதமாகப் பறித்த திராட்சையில் செய்த இனிப்பு ஷெனின்.

பேரிங் சாப்பாட்டை முன்பதிவு செய்யும்போது மூன்று கேள்விகளுக்குப் பதில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள். ஒரு கிளாஸில் எத்தனை மி.லி.? கிளாஸ் தட்டோடு வருமா, எல்லாம் முன்னாலேயே வந்துவிடுமா? சைவத்துக்குத் தனி ஜோடியா, அல்லது அதே ஒயினோடு மட்டனுக்குப் பதில் பனீரா? மூன்றாவதற்கு ‘அதே ஒயின்தான் சார்’ என்று பதில் வந்தால் பொதி வேண்டாம், தட்டும் கிளாஸும் தனித்தனியாக வாங்குவதே மேல்.

வண்டி யார் ஓட்டுவது

டேஸ்டிங் ஊற்று 30 மி.லி. என்றால் ஆறு ஊற்று 180 மி.லி. ‘ஒரு கிளாஸ்தானே’ என்று தோன்றும். 12.5 சதவீத ஒயினில் அது ஏறக்குறைய 18 கிராம் ஆல்கஹால். அறுபது கிலோ ஆளுக்கு அதுவே 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. என்ற சட்ட வரம்பைத் தாண்டவைத்துவிடும். அதற்கு மேல் சாப்பாட்டோடு 90 மி.லி. வீதம் நான்கு கிளாஸ் என்றால் இன்னொரு அரை பாட்டில். எனவே ஓட்டுநரோடு வண்டி. நாசிக்கில் போகும் வண்டியையே காத்திருக்கச் சொல்லுங்கள், கங்காபூர் சாலையில் திரும்பும் ஆட்டோ பிடிப்பது பெரும்பாடு. டேஸ்டிங்கில் துப்புவதற்கு ஜாடி கேட்டால் தருவார்கள். துப்பினால் மரியாதைக் குறைவு என்று யாரும் நினைப்பதில்லை.

வயது 21 ஆனதற்கு அடையாள அட்டை எடுத்துச் செல்லுங்கள். ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களிலும் தேர்தல் நாட்களிலும் மது கிடையாது, சாப்பாடு மட்டும்தான் கிடைக்கும். நீண்ட வார இறுதி என்று ஆகஸ்ட் 15-க்கு அறை போட்டுவிட்டு ஏமாறுபவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. பிடித்த பாட்டிலை ஊருக்கு எடுத்துவரலாமா என்றால், தமிழ்நாட்டுக்குள் வெளிமாநில மதுவைக் கொண்டுவருவது கலால் சட்ட விவகாரம். பெங்களூர்க்காரருக்கு நந்தியிலிருந்து வாங்கி வருவதில் அந்தத் தலைவலி இல்லை. சென்னைக்காரர் அங்கேயே ஒரு கிளாஸ் கூடக் குடித்துவிட்டு வரட்டும்.