வாங்கிய மெடிக்கல் கடையை உடனே இணைப்பதா, ஓராண்டு தனியாக ஓட்டுவதா?

ஓடிக்கொண்டிருக்கும் மெடிக்கல் கடையை விலைக்கு வாங்குபவருக்குப் பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு கடை இருக்கும். சாவி கைக்கு வந்ததும் இரண்டு வழிகள். முதல் வாரத்திலேயே பெயர்ப்பலகை, கம்ப்யூட்டர், சரக்கு, கொள்முதல் எல்லாவற்றையும் நம் கடையோடு சேர்த்துவிடலாம். அல்லது முதலாளி மட்டும் மாறி, பழைய பெயரில் பழைய ஆட்களோடு கடை ஓராண்டு தனியாக ஓடலாம். நாங்கள் எடுத்தது இரண்டாவது வழி. இந்த அலசலும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

எந்த வழியானாலும் செய்தே தீர வேண்டியவை சில உண்டு. மருந்து உரிமம் கடையோடு சேர்ந்து கைமாறாது. தனி ஒருவர் பெயரில் இருந்த கடை என்றால், வாங்குபவர் பெயரில் சில்லறை மருந்து விற்பனைக்கான படிவம் 20, 21 உரிமங்கள் புதிதாக வேண்டும். அவை கைக்கு வரும் நாளையே கடை கைமாறும் நாளாக ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். உரிமத்துக்காகக் கடை பூட்டிக் கிடந்தால், மாதாமாதம் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாங்குபவர்கள் வேறு கடைக்குப் பழகிவிடுவார்கள். ஜிஎஸ்டியில் புதுக் கடையை நம் பதிவில் கூடுதல் வியாபார இடமாகச் சேர்க்க வேண்டும். விற்றவரிடம் மிஞ்சியுள்ள உள்ளீட்டு வரியை, அதாவது கொள்முதலில் கட்டி இன்னும் கழித்துக்கொள்ளாத வரியை, ஐடிசி-02 படிவம் வழியாக மாற்றிக்கொள்ளலாம். அதற்கு ஆடிட்டர் சான்று வேண்டும். கடையின் பொறுப்புகளும் சேர்ந்தே மாறுகின்றன என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். விற்றவர் தன் பதிவை ரத்து செய்வதற்கு முன்பே படிவம் போயிருக்க வேண்டும். கைமாறிய நாள் வரையிலான வரிப் பாக்கிக்கு விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்தே பொறுப்பு என்கிறது ஜிஎஸ்டி சட்டத்தின் 85-ஆம் பிரிவு. அதனால் விலையில் ஒரு பகுதியைச் சில மாதங்கள் பிடித்து வைப்பது நியாயமானதே.

உடனே இணைப்பதில் உள்ள லாபம் வெளிப்படை. கொள்முதல் ஒரே கையில் வந்தால் ஸ்டாக்கிஸ்டிடம் (மருந்து மொத்த வியாபாரியிடம்) பேரம் வலுக்கும். ஒரு கடையில் தேங்கும் சரக்கை ஓடும் கடைக்கு மாற்றலாம். கணக்கும் ஒன்றுதான்.

ஆனால் மருந்துக் கடையில் முடிவைத் தீர்மானிப்பது எக்ஸ்பயரி ரிட்டர்ன், அதாவது காலாவதி மருந்தை ஸ்டாக்கிஸ்டிடம் திருப்பிக் கொடுப்பது. மற்ற எதையும்விட இதில்தான் பணம் சத்தமில்லாமல் போகிறது.

காலாவதி மருந்தைத் திருப்பி அனுப்ப, மத்திய மறைமுக வரி வாரியத்தின் 2018 அக்டோபர் 26-ஆம் தேதிச் சுற்றறிக்கை (72/46/2018) இரண்டு முறைகளைச் சொல்கிறது. ஒன்று, கடைக்காரர் அதைப் புதிய விற்பனைபோல் கருதித் தன் பில்லில் அனுப்புவது. மற்றது, பில் இல்லாமல் டெலிவரி சலான் என்ற அனுப்புச் சீட்டோடு அனுப்பி, ஸ்டாக்கிஸ்டிடமிருந்து கிரெடிட் நோட்டு (பழைய பில் தொகையைக் குறைக்கும் சீட்டு) பெறுவது. கிரெடிட் நோட்டு, முதலில் யாருக்குப் பில் போட்டார்களோ அவர்களுக்குத்தான் வரும். விற்றவரின் ஜிஎஸ்டி எண் ரத்தாகியிருந்தால் அந்தக் கதவு மூடிவிட்டது. மிஞ்சுவது முதல் முறை. அதிலும் அட்டையில் உள்ள தயாரிப்புத் தொகுதி எண்ணைப் பார்த்து, “இந்த பேட்ச் நான் கொடுத்ததுதானா?” என்று ஸ்டாக்கிஸ்ட் கேட்பார். பழைய கொள்முதல் பில்லைக் காட்ட முடிந்தால் எடுத்துக்கொள்வார். முடியாவிட்டால் மூட்டை அப்படியே திரும்பி வரும்.

முதல் வாரமே இரண்டு கடைச் சரக்கையும் ஒரே ரேக்கில் கலந்தவர்களுக்கு அங்கேதான் இடிக்கிறது. ஒரே மாத்திரை, ஒரே பேட்ச், இரண்டு கடைக்கும் வெவ்வேறு ஸ்டாக்கிஸ்டிடமிருந்து வந்திருக்கும். கலந்த பிறகு எந்த ஸ்ட்ரிப் யார் பில்லில் வந்தது என்று பிரிக்க முடியாது. கடை தனியாக ஓடினால் பழைய டேட்டாபேஸ் அப்படியே இருக்கும். பேட்ச் எண்ணைத் தட்டினால் பில் எண்ணும் ஸ்டாக்கிஸ்ட் பெயரும் வந்துவிடும்.

இதற்கான ஏற்பாடு கைமாறும் நாளன்றே தொடங்க வேண்டும். சரக்கை எண்ணும்போது எண்ணிக்கை மட்டும் போதாது. பேட்ச், காலாவதி மாதம் இரண்டையும் எழுதி மூன்று கூறாகப் பிரியுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் ஆயுள் உள்ளதைக் கொள்முதல் விலைக்கே எடுக்கலாம். மூன்று முதல் ஆறு மாதம் உள்ளதைப் பாதி விலைக்குமேல் எடுக்க வேண்டாம். மூன்று மாதத்துக்குள் முடிவதை விற்றவரிடமே விட்டு, தன் பதிவு உயிரோடு இருக்கும்போதே அவர் பெயரில் ரிட்டர்ன் போடச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு ஸ்டாக்கிஸ்டிடமும் பழைய கணக்கைப் புதுப் பெயருக்கு மாற்றக் கடிதம் கொடுத்து, பழைய பேட்ச் ரிட்டர்னை ஏற்பதாக எழுத்தில் வாங்க வேண்டும். எல்லாரும் எழுதித் தர மாட்டார்கள். பழைய பாக்கி தீர்ந்திருந்தால் பேச்சு சுலபமாக முடியும்.

அடுத்த ஆபத்து ஐட்டம் மாஸ்டர், அதாவது கம்ப்யூட்டரில் உள்ள மருந்துப் பட்டியல். நம் கடையில் ‘டோலோ 650’ ஒரு பெயரில் இருக்கும். அங்கே அதே மாத்திரை மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் பதிவாகியிருக்கும். பெயரைவிட அலகுதான் மோசம் செய்யும். ஒரு கடை ஸ்ட்ரிப்பாக எண்ணும், மற்றது மாத்திரையாக எண்ணும். அவசரமாக இணைத்தால் 40 ஸ்ட்ரிப் 40 மாத்திரையாகப் பதிவாகும். ஸ்ட்ரிப்புக்கு 15 மாத்திரை என்றால் 560 மாத்திரை கணக்கிலிருந்தே காணாமல் போகும். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. அந்த மாற்றம் ஏறாத ஐட்டங்கள் பழைய மாஸ்டரில் ஒளிந்திருக்கும். ஓராண்டில் அவை ஒவ்வொன்றாக வெளியே வரும்.

ஆட்கள் விஷயம் பலரும் அறிந்ததே. கவுண்டரில் நிற்கும் பழைய முகத்துக்காகத்தான் பாதி வாடிக்கையாளர்கள் வருகிறார்கள். கடன் நோட்டில் ‘மாடி வீட்டு அம்மா 340’ என்று எழுதியிருந்தால், அது யார் என்று அந்தத் தம்பிக்குத்தான் தெரியும். கட்டுப்பாடு கூடிய சில மருந்துகளின் விற்பனையை எழுதும் எச்1 பதிவேட்டை மட்டும் மறக்காமல் வாங்கி வையுங்கள். மூன்று ஆண்டு பாதுகாக்க வேண்டிய ஏடு அது.

தனியாக ஓட்டுவதற்கும் செலவு உண்டு. ஒரே ஜிஎஸ்டி எண்ணில் இரண்டு டேட்டாபேஸ் இருப்பதால் பில் வரிசைக்கு வேறு முன்னெழுத்து கொடுக்க வேண்டும். பில் எண் 16 எழுத்துக்குள் அடங்க வேண்டும், ஒரே நிதியாண்டில் இரண்டு முறை வரக் கூடாது. மாத முடிவில் இரண்டையும் சேர்த்து விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1 தயாரிக்க அரை நாள் போகும். ஒரு கடையிலிருந்து மற்றதற்குச் சரக்கு அனுப்ப வரி இல்லை, ஆனால் சலான் போட்டே அனுப்ப வேண்டும். இன்சுலினை மாற்றும்போது 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க ஐஸ் பேக் பெட்டி வேண்டும். கைப்பையில் எடுத்துப் போவது நோயாளிக்குச் செய்யும் துரோகம்.

ஐந்தாறு கிளைகள் வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கு மாறலாம். அங்கே கொள்முதல் லாபம் எக்ஸ்பயரி நட்டத்தை விழுங்கிவிடக்கூடும். பிரைவேட் லிமிடெட் நிறுவனத்தைப் பங்குகளாக வாங்கினால் ஜிஎஸ்டி எண் மாறுவதில்லை. ரிட்டர்ன் சிக்கலும் பெரிதும் குறையும்.

ஓராண்டு என்று சொன்னது தோராயம்தான். பழைய பில்லில் வந்த பேட்சுகளின் பட்டியலை மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அது நூறு ஐட்டத்துக்குக் கீழே இறங்கியதும் இணைக்கலாம். நாளாக ஏப்ரல் 1-ஐ வையுங்கள். நிதியாண்டோடு பில் வரிசையும் புதிதாகத் தொடங்கும். மார்ச் 31 இரவு கடை அடைத்த பின் சரக்கை எண்ணி, முதலில் அலகையும் பிறகு பெயரையும் சரிசெய்து, மீதமுள்ள பழைய பேட்சுகளைத் தனி ரேக்கில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி வைத்துவிட்டால் காலையில் ஒரே மாஸ்டரில் பில் போடலாம்.