டேங்கைக் கழற்றும் முன் கேள்வி கேட்ட பட்டறை

சங்ககிரியில் லாரிப் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றுக்கு நடுவே, பெயர்ப் பலகைகூட இல்லாமல், வாசலில் அடுக்கியிருக்கும் நான்கைந்து பழைய டேங்குகளையே அடையாளமாகக் கொண்ட ஒரு சிறிய பட்டறைக்கு எங்கள் 2004ஆம் ஆண்டு டீசல் பிக்கப்பைச் சென்ற மாதம் கொண்டுசென்றேன். எரிபொருள் டேங்க், அதைச் சார்ந்த குழாய்கள் ஆகியவற்றைத் தவிர வேறு வேலையை அங்கே எடுப்பதில்லை.

வண்டியின் கோளாறு விசித்திரமானது. நிறுத்தி வைத்திருந்தால் ஒரு சொட்டும் ஒழுகாது, ஓடும்போதும் ஒழுகாது. பெட்ரோல் பங்கில் டீசல் பிடிக்கும்போது மட்டும், மீட்டர் பத்து லிட்டரைத் தாண்டியதும் பின்சக்கரத்துக்கு முன்னால் தரை நனையத் தொடங்கும். நாசிலை வெளியே எடுத்த ஒரு நிமிடத்தில் நின்றுவிடும். டீசல் படிந்த தார் இளகும், இருசக்கர வண்டிகள் வழுக்கும் என்பதால் பங்கு ஊழியர்கள் ஒவ்வொரு முறையும் மணலை அள்ளிக் கொட்டவேண்டியிருந்தது; மூன்றாவது முறை, வண்டியைச் சரிசெய்யாமல் இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இதற்கு முன் எங்கள் ஊரிலேயே ஒரு பட்டறையில் ஆயிரம் ரூபாய் செலவழித்திருந்தேன். ஈரமாகத் தெரிந்த இணைப்பில் முதலில் எபாக்சிப் பசையைப் பூசினார்கள். அது நிற்காததால், டீசல் ஊற்றும் வாயிலிருந்து டேங்குக்குப் போகும் தடித்த ஹோஸை அறுத்து எடுத்துவிட்டு அதே அளவில் ஒரு ரேடியேட்டர் ஹோஸ் துண்டை மாட்டினார்கள். மூன்றே வாரத்தில் பழைய கதை திரும்பியது.

சங்ககிரிப் பட்டறைக்காரர் வண்டிக்கு அடியில் குனிவதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்டார். "ஊத்தும்போது ஒழுகுதுங்களா, ஊத்தி முடிச்ச பிறகுங்களா? பாதி டேங்க்லயே வருதா, நெறஞ்சாத்தானா? நாசில் அடிக்கடி கட் ஆகுதுங்களா?" இந்தக் கேள்விகளிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன். டேங்கின் அடியில் துரு அரித்த ஓட்டை இருந்தால் எந்நேரமும் சொட்டும். மேல்புறம் டீசல் அளவைக் காட்டும் ஃப்ளோட் யூனிட் உட்காரும் இடத்து கேஸ்கெட்டோ, மேல் விளிம்பின் தையலோ போயிருந்தால், டேங்க் நிறைந்திருக்கும்போதும் மேடு ஏறும்போதும் ஒழுகி, மட்டம் இறங்கியதும் நிற்கும். காற்று வெளியேறும் பிரீதர் ஹோஸ் அடைத்திருந்தால் டீசல் வாய் வழியாகவே எதிர்த்துத் தெறிக்கும், நாசிலும் நிரம்புவதற்கு முன்பே வெட்டி வெட்டி நிற்கும். பாதி டேங்கில், ஊற்றும் நேரத்தில் மட்டும் ஒழுகுகிறது, நாசில் வெட்டவில்லை என்றால் டேங்கின்மேல் சந்தேகப்பட வேண்டியதில்லை. வாய்க்கும் டேங்குக்கும் இடையில் உள்ள இரண்டு ஹோஸ்களையும் நான்கு கிளிப்புகளையும் பார்த்தால் போதும். டேங்கை இறக்கிக் கேஸ் வெல்டிங் வைக்கலாமா என்று நான் கேட்டபோது, காலி டேங்கில்தான் ஆவி நிறைந்திருக்கும், அதில் நெருப்பு வைக்கும் வேலையைத் தேவையில்லாமல் செய்யமாட்டேன் என்று மறுத்துவிட்டார்.

அடுத்து அவர் செய்த சோதனைக்காகவே இந்தப் பட்டறையைப் பரிந்துரைக்கிறேன். ஹோஸ்கள், கிளிப்புகள், வண்டியின் அடிச்சட்டம் எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரால் கழுவி, துணியால் துடைத்து, நன்றாக உலர்ந்தபின் கோலமாவைத் தூவினார். வெள்ளை மாவில் டீசல் பட்டால் அந்த இடம் உடனே கறுத்துத் தெரியும். ஐந்து லிட்டர் கேனிலிருந்து புனல் வழியாக மெதுவாக ஊற்றினார். மாவு அப்படியே இருந்தது. பெரிய புனலை வைத்து, பங்கு நாசிலின் வேகத்துக்கு ஈடாக இருவர் சேர்ந்து இரண்டு கேன்களைக் கவிழ்த்தபோது, இருபது வினாடிக்குள் மாவில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று இறங்கியது. அது தொடங்கிய இடம் எபாக்சி பூசிய இணைப்பு அல்ல. அதற்கு ஒரு சாண் மேலே, பிரீதர் ஹோஸ் வளையும் முழங்கை. விரலால் வளைத்துப் பார்த்தபோது, ஹோஸின் மறுபக்கத்தில் பிளேடால் கீறியதுபோன்ற வெடிப்பு வாய் திறந்தது. வேகமாக ஊற்றும்போது டீசல் நுரைக்கிறது. வெளியேறும் காற்று அந்த நுரையை பிரீதர் வழியே மேலே தள்ளுகிறது. வெடிப்பில் கசிந்த டீசல் தடித்த ஹோஸின்மேல் வழிந்து அதன் தாழ்ந்த இணைப்பில் சொட்டுகிறது. சொட்டும் இடத்தை ஒழுகும் இடம் என்று நம்பித்தான் முதல் பட்டறை ஏமாந்தது, நானும்தான்.

இரண்டாவது குறையும் இருந்தது. முன்பு மாட்டிய ரேடியேட்டர் ஹோஸைக் கழற்றியபோது, அது ஊறவைத்த அப்பளம்போல் கொழகொழத்து, கிளிப் இறுக்கிய இடத்தில் பிதுங்கியிருந்தது. ரேடியேட்டர் ஹோஸ்கள் பெரும்பாலும் ஈபிடிஎம் ரப்பரால் ஆனவை. சூடான கூலண்டை வருடக்கணக்கில் தாங்கும், ஆனால் டீசலிலோ பெட்ரோலிலோ ஊதிவிடும். எரிபொருளுக்கு நைட்ரைல் போன்ற, எண்ணெய்க்கு ஊதாத ரப்பர் வேண்டும். புதிதாக வாங்கிய ஹோஸ்மேல் எஸ்ஏஇ ஜே30 ஆர்6 என்ற எரிபொருள் ஹோஸ் தரக் குறியீடு அச்சிட்டிருந்ததை என்னையே படித்துப் பார்க்கச் சொன்னார். இரண்டு ஹோஸ்களையும் மாற்றி, துருப்பிடித்த இரும்புக் கிளிப்புகளுக்குப் பதிலாக எவர்சில்வர் கிளிப்புகள் போட்டு, மறுபடி மாவு தூவி, இம்முறை டேங்க் நிறையும்வரை ஊற்றி, வண்டியை இருபுறமும் ஆட்டிக் காட்டியபின்தான் சாவியைக் கொடுத்தார்.

கூலி 900, ஹோஸ்கள் 640, கிளிப்புகள் 160 என மொத்தம் 1,700 ரூபாய் ஆனது. ஹோஸை மட்டும் மாற்றும் கூலியோடு ஒப்பிட்டால் அந்த 900 கூடுதல்தான். ஆனால் அதில் பாதி கண்டுபிடித்ததற்கான கூலி என்று அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டதால் எனக்கு வருத்தமில்லை.

குறைகளைச் சொல்லாமல் விடுவது சரியல்ல. அடியில் பார்ப்பதற்கு அவர்கள் பயன்படுத்தியது கம்பி வலை போட்ட பழைய குண்டு பல்பு. டேங்க் வாய் திறந்திருக்கும் இடத்தில் அதைப் பார்க்கவே பயமாக இருந்தது. ஆவி தீப்பற்றக்கூடிய வெப்பநிலை டீசலுக்கு 35 பாகை செல்சியசுக்குக் குறையக் கூடாது என்பதே நம் நாட்டுத் தர வரம்பு. பொதுவாக அதைவிடக் கூடுதலாகவே இருக்கும் என்றாலும், கோடையில் அந்தத் தகரக் கொட்டகைக்குள் 35 என்பது பெரிய எண் அல்ல. இதே வேலை பெட்ரோல் வண்டிக்கு என்றால் அந்த விளக்கோடு நான் விடமாட்டேன். தீயணைப்புக் கருவி கண்ணில் படவில்லை. இரண்டு வாளி மணல் மட்டும் இருந்தது. எல்இடி விளக்கு வாங்கும்படி சொன்னேன், சிரித்தார். ரசீது கேட்டால் துண்டுச் சீட்டில் எழுதித் தருகிறார்கள். அரை நாள் என்று சொன்ன வேலை ஹோஸ் வாங்கப் போனவர் திரும்பத் தாமதித்ததால் ஒன்றரை நாளாக நீண்டது.

அதன்பின் ஐந்து முறை டீசல் பிடித்துவிட்டேன், இரண்டு முறை டேங்க் நிறைய. தரை நனையவில்லை. அங்கே போக நினைப்பவர்கள் டேங்கை நிரப்பிக்கொண்டு போகவேண்டாம். கால் டேங்க் இருந்தால் போதும், ஊற்றிப் பார்க்க இடம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை.